அரபு எழுத்தோவியம்

எழுத்து கருத்தைச் சுமந்து செல்லும் ஊர்தியாகும். படித்து முடித்ததும் பொருள் உள்ளத்தில் தங்கும்; எழுத்தின் வடிவம் மறந்துபோகும். இதுவே பொது வழக்கு. ஆயினும், எழுத்தின் வடிவத்தையே கண்டு மகிழத்தக்க நுண்கலையாக வளர்த்த மக்களும் உலகில் உளர். சீனரும் அரபு மக்களும் அவ்வகையில் தலைசிறந்தோர் ஆவர்.

அரபு மொழியின் எழுத்துகள் 28. அவை வலமிருந்து இடமாக எழுதப்படும். அவற்றுட் பெரும்பாலானவை ஒன்றோடொன்று கைகோத்துச் செல்வன. நீட்டவும் வளைக்கவும் இடந்தருவன. திருக்குர்ஆனைப் பிழையறவும் அழகுறவும் எழுதிவைத்தல் வேண்டும் என்னும் வேட்கை இஸ்லாமியரிடையே தோன்றிய காலத்தில், எழுத்துகளின் இவ்வியல்பு கலைவளத்திற்கு வாயிலாயிற்று.

இக்கலைக்கு இலக்கணம் வகுத்தவருள் முதன்மையானவர் இப்னு முக்லா என்பவர். பாக்தாது நகரத்தில் அப்பாசியக் கலீபாக்களின் அமைச்சராக விளங்கிய அவர், கி.பி. 940-இல் மறைந்தார். எழுதுகோலின் முனையைத் தாளில் அழுத்தினால் சாய்சதுர வடிவான புள்ளியொன்று பதியும். அப்புள்ளியையே அவர் அளவுகோலாகக் கொண்டார். ‘அலிஃப்’ என்னும் முதலெழுத்து நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. அதன் உயரம் இத்தனை புள்ளி என்று வரையறுத்து, ஏனைய எழுத்துகளின் அளவையும் அதனோடு பொருத்தினார். பிற்காலத்தில் அரசியற் பகையால் அவர் சிறைப்பட்டார். அவருடைய வலக்கையும் வெட்டப்பட்டது. வெட்டுண்ட கையிற் கோலைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்று கூறுவர். அவர் கையை வெட்டிய பகைவரால் அவர் வகுத்த அளவுகளை அழிக்க இயலவில்லை.

இக்கலைக்குரிய கருவிகள் எளியவை. நாணற்றண்டை நறுக்கி, நுனியைச் சாய்வாகச் சீவினால் எழுதுகோல் ஆயத்தமாகும். விளக்குப் புகையின் கரியைப் பிசினோடு குழைத்தால் மை உண்டாகும். கருவிகள் எளியவாயினும் பயிற்சி அரிது. மாணவன் தன் ஆசிரியர் எழுதிக்கொடுத்த வரியைப் பார்த்துப் பார்த்துப் பல்லாண்டுகள் எழுதிப் பழகுவான். உதுமானியத் துருக்கியர் காலத்தில், ஆசிரியரின் இசைவைப் பெற்ற பின்னரே மாணவன் தன் எழுத்தின் அடியில் தன் பெயரைப் பொறிக்கலாம் என்னும் முறை நிலைபெற்றிருந்தது. ‘யான்’ என்னும் செருக்கை அடக்கியவனுக்கே இக்கலை கைவரும் என்பது இதனாற் புலனாகும்.

இவ்விடத்திலேதான் எழுத்துக் கலையும் சூஃபி நெறியும் ஒன்றையொன்று தழுவுகின்றன. தன்னை மறந்து, அன்பினால் இறைவனை அடைய முயலும் இஸ்லாமிய மெய்ந்நெறியே சூஃபி நெறி. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைக் கற்ற தமிழர் இந்நெறியின் சுவையை அறிவர். முர்சியா நகரிற் பிறந்த இப்னு அரபியும் (1165–1240), கோன்யா நகரில் வாழ்ந்த ரூமியும் (1207–1273) இந்நெறியின் பெருங்கவிஞர்கள். தனித்து நிமிர்ந்து நிற்கும் அலிஃபைச் சூஃபியர் ஒருவனாகிய இறைவனின் அடையாளமாகக் கண்டனர். ரூமியின் ‘மஸ்னவி’ என்னும் பெருநூல், தான் பிறந்த புதரினின்று அறுத்தெடுக்கப்பட்ட நாணற்குழலின் புலம்பலோடு தொடங்குகிறது. இறைவனைப் பிரிந்த உயிரின் ஏக்கமே அக்குழலின் ஓசை. குழலாவதும் நாணலே, எழுதுகோலாவதும் நாணலே. ஒன்று ஒலியால் ஏங்குகிறது. மற்றொன்று கோட்டால் ஏங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அச்சுப்பொறி எங்கும் பரவியது. கையெழுத்துக் கலைக்கு இனி வேலையில்லை என்று கருதத்தக்க நிலை தோன்றியது. அந்நிலையில், அரபு நாட்டு ஓவியர் சிலர் எழுத்தை ஏட்டினின்று எடுத்து ஓவியத்துள் அமர்த்தினர். சூஃபிச் சிந்தனையில் ஆழ்ந்த ஈராக்கிய ஓவியர் ஷாகிர் ஹசன் அல் சைத் (1925–2004), 1971-இல் பாக்தாதில் ‘ஒற்றைப் பரிமாணம்’ என்னும் பெயரால் அத்தகைய ஓவியர்களை ஒன்றுசேர்த்தார்.

ஈராக்கின் நஜஃப் நகரில் 1944-இற் பிறந்த ஹசன் மசூதியின் வாழ்க்கை இக்கலையின் புதுவழியை நன்கு விளக்கும். அவர் 1961-இல் பாக்தாது சென்று எழுத்துக் கலைஞரிடம் தொழில் பயின்றார். 1969-இற் பிரான்சு நாட்டை அடைந்து, பாரிசு நகரில் ஓவியம் கற்றார். அங்குள்ள மக்களுட் பெரும்பாலோர் அரபு படிக்க அறியாதவர். படிக்க அறியாதார் முன் எழுத்து என்ன பயன் தரும்? இவ்வினாவுக்கு அவர் தம் கையாலேயே விடை கண்டார். கரிய மையோடு நீலமும் பச்சையும் செம்மையும் சேர்த்தார். நாணற்கோலினும் மிக அகன்ற கருவிகளைத் தாமே செய்துகொண்டார். கவிஞர் ஒருவரின் வாக்கிலிருந்து ஒரு சொல்லைத் தேர்ந்து, அதைத் தாள் நடுவே மாளிகைபோல் எழுப்புவார். முழுவாக்கியத்தையும் அதன் அடியிற் சிறிதாக எழுதுவார். படிக்க வல்லார் பொருளை அறிவர்; அல்லாதார் அச்சொல் எழுவதையும் வளைவதையும் கண்டு உணர்ச்சியைப் பெறுவர். புதர் பிரிந்த நாணல்போலப் பிறந்த நாட்டைப் பிரிந்த கலைஞருக்குத் தாய்மொழியின் எழுத்தே வீடாயிற்று.

அல்ஜீரியாவில் 1947-இற் பிறந்த ரஷீத் குரைஷி சூஃபிக் குடும்பத்தின் வழிவந்தவர். சூஃபிப் பெரியோரைப் போற்றி அவர் துணிக்கொடிகளில் எழுத்துகளையும் குறிகளையும் தையல்வேலையாக அமைத்தார். அதற்காக 2011-இல் இலண்டன் நகரத்து விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்தின் ஜமீல் பரிசைப் பெற்றார். அவர் போற்றிய அன்புநெறி துணியோடு நின்றுவிடவில்லை. மத்தியதரைக் கடலைக் கடந்து பிழைக்கச் செல்ல முயன்று உயிர்நீத்த ஏதிலியர் பலரின் உடல்கள் துனீசியாவின் கரையில் ஒதுங்கின. அவர்தம் பெயரும் ஊரும் அறிவார் இலர். அவர்களை மதிப்போடு அடக்கம் செய்தற்கென்று, ஜர்சீஸ் என்னும் ஊரில் குரைஷி ஒரு கல்லறைத் தோட்டத்தை அமைத்தார். அது 2021-இல் திறக்கப்பெற்றது. சூஃபிப் பெரியோரின் பெயரைத் துணியிற் போற்றிய கலைஞர், பெயரறியா மக்களுக்கும் மண்ணில் ஓர் இடம் தந்தார்.

அதே 2021-ஆம் ஆண்டில், 16 நாடுகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, யுனெஸ்கோ நிறுவனம் அரபு எழுத்துக் கலையை மனித இனத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இப்னு முக்லாவின் புள்ளி சிறிது. அவ்வளவுக்குள் அடங்கிப் பயின்ற கைகளே பின்னாளிற் புதிய வடிவங்களைப் படைத்தன. மரபைக் கற்று அடங்கியவனே மரபை வளர்க்கும் உரிமையைப் பெறுகிறான். அழகாக எழுதுவது ஒரு திறன். எழுதிய அன்பின்வழி ஒழுகுவது அத்திறனின் பயன்.