ஒரு வண்டி, ஒரு கூடாரம், இருவர்: ஸ்காட்லாந்தின் வடகரைப் பயணம்

கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, இரண்டு மூன்று இடங்களில் தேநீர் குடித்து, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தவர்கள் நம்மவர்களில் பலர் உண்டு. ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றி வரும் 'நார்த் கோஸ்ட் 500' பாதையின் நீளம் 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். "இவ்வளவுதானா? ஒன்றரை நாள் போதுமே" என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கணக்கோடு புறப்படும் தம்பதியர்தான் மூன்றாம் நாள் மாலையில் ஒருவரோடொருவர் பேசாமல் கூடாரம் அடிக்கிறார்கள்.

இந்தப் பாதை புதிதாகப் போடப்பட்டது அல்ல. இன்வெர்னஸ் கோட்டையில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் பழைய கிராமச் சாலைகளுக்கு 2015ஆம் ஆண்டில் ஒரு பெயர் சூட்டினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. மலையும் கடலும் வெண்மணலும் மாறி மாறி வரும். ஆனால் பல இடங்களில் சாலையின் அகலம் ஒரு காருக்குத்தான் காணும். எதிரே லாரி வரலாம், ஆட்டு மந்தை வரலாம். ஒரு நாளைக்கு 120, 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஆறேழு நாட்களில் சுற்றி வருவதே இருவர் செல்லும் வண்டிக்கு நல்லது.

நம் நாட்டைப் போலவே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒரு வசதி. சுற்றுப்பயணியாகச் செல்பவர் தம் நாட்டு உரிமத்தில் உள்ள வகை வண்டியை 12 மாதம் வரை அங்கே ஓட்டலாம். நம் பி2 உரிமம் 250 சிசியோடு நின்றுவிடும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. வாடகைக்கு வண்டி கொடுப்பவர்கள் வயதையும் அனுபவத்தையும் பார்ப்பார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பின்னால் இருப்பவர் மூட்டை அல்ல

இத்தகைய பயணம் என்றால் பொதுவாக எழும் முதல் கேள்வி, "எத்தனை சிசி வண்டி?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. பின்னிருக்கையில் இருப்பவர் "போதும், நிறுத்துங்கள்" என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா? கணவர் ஓட்ட மனைவி பின்னால் இருப்பது நம்மிடையே வழக்கம்; மாறியும் இருக்கலாம். எப்படியானாலும் கைப்பிடி ஒருவரிடம்தான் இருக்கிறது. மற்றவருக்கு இருப்பது வாய் மட்டுமே.

பின்னிருக்கைக்காரரின் எடை பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. அதற்கும் பின்னால் கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு எல்லாம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி மிதப்பது போல் தோன்றும். முன்விளக்கின் ஒளி மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க முன்பைவிட அதிகத் தூரம் ஆகும். ஆகவே வண்டியின் கையேட்டைத் திறந்து, இருவர் செல்லும்போது டயரில் எவ்வளவு காற்று, பின் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது என்று பார்த்துச் செய்ய வேண்டும். வண்டி தாங்கும் மொத்தச் சுமை என்று அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குள் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான்கள் மூன்றும் அடங்க வேண்டும். கனமான பொருள்கள் பக்கப் பெட்டிகளில், கீழேயும் முன்பக்கமாகவும். படுக்கைப் பை போன்ற இலேசானவை மட்டும் மேலே.

புறப்படுவதற்கு முன் இங்கேயே ஒரு முறை எல்லாச் சாமான்களையும் ஏற்றி, இருவருமாகத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பழைய சாலையில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். ரிங்லெட் போய்ச் சேர்வதற்குள் எது தேவையில்லாத சாமான் என்பது தெரிந்துவிடும். கேமரன் மலையின் இரவுக் குளிர்தான் ஸ்காட்லாந்தின் வடகரையில் ஜூன் மாதப் பகல் என்பதையும் அப்போதே உடம்பு தெரிந்துகொள்ளும்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓட்டுபவருக்குக் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது. கவனம் சாலையில் இருக்கிறது. பின்னால் இருப்பவர் அசையாமல் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறார். மழையில் நனைந்து காற்றும் அடித்தால் உடம்பின் சூடு மெல்ல மெல்ல இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காமை, அதற்கும் பிறகு பேச்சுக் குறைந்து பதில் தாமதமாக வரும். "என்னங்க, குளிருதுங்க" என்று இரண்டு முறை சொன்னவர் மூன்றாவது முறை சொல்லவில்லை என்றால் குளிர் பழகிவிட்டது என்று பொருள் அல்ல. வண்டியை உடனே நிறுத்தி, ஒதுக்கிடம் தேடி, ஈர உடையை மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். தலைக்கவசத்தில் பேசும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் தோளில் ஒரு தட்டு மெதுவாகப் போக, இரண்டு தட்டு நிறுத்த என்று பேசி வைத்துக்கொண்டால் போதும். இரண்டு தட்டு விழுந்த பிறகு "ஏன்?" என்று கேட்பது நின்ற பிறகுதான்.

கிழக்கிலிருந்து தொடங்கினால்

பலர் இன்வெர்னஸிலிருந்து நேரே மேற்கே போய், மிகக் கடினமான மலைச்சாலையை முதலிலேயே ஏறுகிறார்கள். பாரம் ஏற்றிய வண்டியோடு புதிதாகச் செல்லும் இருவருக்கு இது பொருந்தாது. கிழக்குக் கரையின் ஏ9 சாலை அகலமானது. வண்டியின் போக்கும் ஒருவருக்கொருவர் போக்கும் பழகுவதற்கு அங்கே ஒரு நாள் கிடைக்கும்.

அந்தச் சாலையோரத்தில், கடலுக்கு மேலே செங்குத்தான பாறைச் சரிவில் பேட்பே என்ற ஊரின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆடு வளர்ப்புக்காகப் பள்ளத்தாக்குகளை விட்டு விரட்டப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. காற்று பாறைக்குக் கீழே தள்ளிவிடாதபடி ஆடு மாடுகளையும், சில வேளை குழந்தைகளையும் கயிற்றில் கட்டி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. வண்டியை நிறுத்தி நடந்து போய்ப் பார்ப்பவர்களுக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றாது. அந்தக் காற்றேதான் இன்றும் கூடாரத்தை இழுக்கிறது.

வடகரையில் பெட்டிஹில் என்ற சிற்றூருக்கும் இதே வரலாறுதான். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814ஆம் ஆண்டிலும் 1819ஆம் ஆண்டிலும் குடியானவர்களை வெளியேற்றி, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 1814ஆம் ஆண்டு வெளியேற்றத்தை முன்னின்று நடத்திய பேட்ரிக் செல்லர் என்ற நிர்வாகி மீது 1816இல் இன்வெர்னஸில் வழக்கு நடந்தது, விடுதலை பெற்றார். வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்குக் கடலோரத்தில் துண்டு நிலம் கிடைத்தது. நிலவுடைமையாளரான சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்தின் பெயரால்தான் அவ்வூர் பெட்டிஹில் ஆனது! படங்களில் "மனித வாடையே இல்லாத அழகு" என்று காட்டப்படும் பள்ளத்தாக்குகள் பல, மனிதர்கள் வாழ்ந்து வெளியேற்றப்பட்ட இடங்கள். கூடாரம் அடிக்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜான் ஓ குரோட்ஸில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டன் பெருநிலத்தின் வடகோடி அது அல்ல. சற்று மேற்கே உள்ள டன்னெட் ஹெட். 1831ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. இவர் 'புதையல் தீவு' எழுதிய நாவலாசிரியரின் பாட்டனார்.

ஒற்றைத் தடச் சாலை

மேற்கே போகப் போகச் சாலை ஒடுங்கும். ஆங்காங்கே ஒதுங்குவதற்கு இடம் விட்டுப் பலகை வைத்திருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக நம் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவர் அதில் ஒதுங்க வழிவிட வேண்டும். பின்னால் யாராவது வேகமாக வந்தால் அவர்களையும் முன்னே விடவேண்டும். வேலைக்குப் போகும் தாதியாகவோ, நோயாளியை ஏற்றிச் செல்பவராகவோ அவர் இருக்கலாம். சுற்றுப்பயணிக்கு அது காட்சிச் சாலை. உள்ளூர்க்காரருக்கு அது ஒன்றே சாலை. ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது பெருந்தவறு.

சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்றாலும் அது இலக்கு அல்ல. மேட்டின் உச்சியில் மறுபுறம் என்ன நிற்கிறது என்பது தெரியாது. கால்நடைகள் தாண்டாதபடி சாலையின் குறுக்கே பதித்துள்ள இரும்புக் கம்பிகள் மழையில் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும். பெட்ரோல் நிலையங்கள் தூரத் தூரமாக இருப்பதால் பாதித் தொட்டி இருக்கும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எங்கே படுப்பது?

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் மக்களுக்கு ஒரு பெரிய உரிமையைத் தந்திருக்கிறது. வேலியிட்ட பயிர் நிலம், வீட்டு வளாகம் போன்றவை தவிர, பெரும்பாலான திறந்த நிலங்களில் பொறுப்போடு நடக்கலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம். பலருக்குத் தெரியாதது அடுத்த வரி: இயந்திர வண்டிகளுக்கு அந்த உரிமை இல்லை. மோட்டார் சைக்கிளைப் புல்வெளிக்குள் ஓட்டிச் செல்ல முடியாது. முறையான நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, சாமான்களைச் சுமந்து நடந்துதான் போக வேண்டும். கழிவைத் தண்ணீருக்கு 30 மீட்டராவது தள்ளிப் புதைக்க வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். 2020 கோடையில் கூட்டம் பெருகி இந்த நெறிகள் காற்றில் பறந்தன. உள்ளூர் மக்கள் கொதித்துப் போனார்கள். 2021 முதல் ஹைலண்ட் மன்றம் கண்காணிப்பாளர்களை அமர்த்தியது.

இருவர் செல்லும் பயணத்திற்குக் கட்டண முகாம்களே மேல் என்று சொல்லலாம். சுடுநீர் குளியலும் உலர்ந்த தரையும் மறுநாள் ஓட்டத்திற்கு உதவும். டர்னெஸ் ஊரில் பாறை விளிம்பில், கீழே வெண்மணல் தெரியும்படி கூடாரம் அடிக்கலாம். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் சிறுவயதில் விடுமுறைக்கு வந்த ஊர் இது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; கண்ணை மூட ஒரு துணி எடுத்துச் செல்ல வேண்டும்.

பக்கத் தாங்கி ஈரப் புல்லில் புதைந்தால் வண்டி சாயும். அதன் அடியில் தட்டையான பலகைத் துண்டு ஒன்று வைக்கலாம். சாய்ந்தாலும் கூடாரத்தின் மேல் விழாத தூரத்தில் நிறுத்துவது அதைவிட முக்கியம்.

அடுத்தது மிட்ஜ் என்ற பூச்சி. நம் கடற்கரைகளில் மாலையில் கடிக்கும் அகாஸ் பூச்சியின் உறவினர். மே முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் மேகம் போல் மொய்க்கும். மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. ஆகவே சிறிது காற்றுப்படும் மேட்டில் கூடாரம் அடிப்பதும், தலைக்கு வலை அணிவதும் வழி. இதற்குப் பயந்து கூடாரத்தின் எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டு உள்ளே அடுப்புப் பற்ற வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது உயிரைக் குடிக்கும் செயல். எரியும் அடுப்பிலிருந்தும் அணைந்தது போல் தோன்றும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும். மழையானாலும் பூச்சியானாலும் சமையல் வெளியேதான். முடியாத இரவில் ரொட்டியும் பழமும் போதும்.

கடைசியில் மலை

1984இல் திறக்கப்பட்ட வளைவான கைலெஸ்கு பாலத்தைக் கடந்து, அல்லாப்பூல், கேர்லாக், டோரிடன் வழியாகத் தெற்கே இறங்கினால் கடைசியாக ஏப்பல்கிராஸ். அங்கிருந்து இன்வெர்னஸ் நோக்கித் திரும்பும் நேர்வழி 'பெலாக் நா பா' கணவாய். கேலிக் மொழியில் 'மாடுகளின் கணவாய்' என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் மறுபக்கம் இறங்குகிறது. சில இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி சரிவு. பழகுநர் ஓட்டிகளுக்கு உகந்ததல்ல என்று அடிவாரத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஏறும் நாள் காலையில் இருவரும் மேலே பார்க்க வேண்டும். உச்சி தெரிந்தால், காற்று அடங்கியிருந்தால், பின்னால் இருப்பவரும் "சரி" என்றால் போகலாம். மேகம் மூடியிருந்தாலோ, "வேண்டாங்க" என்று ஒரு குரல் வந்தாலோ, 1970களில் போடப்பட்ட கடற்கரைச் சாலை ஷீல்டேக் ஊருக்குத் திரும்பிப் போகிறது. அது சுற்றுவழிதான், நேரம் சற்றுக் கூடுதலாகும். ராசே தீவும் அதற்கு அப்பால் ஸ்கை தீவின் மலைகளும் அந்தச் சாலையிலிருந்தும் தெரிகின்றன.