மன்னர் தந்த பதக்கம் திரும்பிச் சென்றது!

வெள்ளைக்காரர் ஆட்சியில், பொதுச்சேவை செய்தவர்களுக்கு மன்னர் பெயரால் பட்டமும் பதக்கமும் கிடைக்கும். "ராவ் பகதூர்", "திவான் பகதூர்", "சர்" என்று பல பட்டங்கள்! புத்தாண்டு அன்றும், மன்னரின் பிறந்த நாள் அன்றும் பட்டியல் வெளியாகும். பட்டம் பெற்றவருக்கு ஊரில் தனி மதிப்பு.

அந்த மதிப்பையே வேண்டாம் என்று உதறியவர்களும் உண்டு.

டோலி சுமந்த காந்திஜி

1899-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. அங்கே வக்கீலாக இருந்த காந்திஜி, காயம் அடைந்தவர்களைத் தூக்கிச் செல்ல ஒரு படை திரட்டினார். சுமார் 1,100 இந்தியர்கள் சேர்ந்தார்கள். டோலி சுமந்தபடி சில நாட்களில் 20, 25 மைல் நடந்தார்கள்.

1906-ம் ஆண்டில் ஜூலு மக்கள் கலகம் செய்தார்கள். சவுக்கடி பட்டுக் கிடந்த ஜூலு மக்களின் புண்ணைக் கழுவ வெள்ளைக்காரர்கள் முன்வரவில்லை. காந்திஜியின் ஆட்கள் கழுவினார்கள்.

இரண்டு சேவைக்கும் பதக்கம் வந்தது. 1915-ம் ஆண்டில் மூன்றாவதாக "கெய்சர்-இ-ஹிந்த்" தங்கப் பதக்கமும் வந்தது. இது விக்டோரியா மகாராணி 1900-ம் ஆண்டில் ஏற்படுத்திய பதக்கம். அதே 1915-ல் கவிஞர் தாகூருக்கு "சர்" பட்டம் கிடைத்தது.

சென்னையில் முதல் குரல்

சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்தவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். "மணி ஐயர்" என்பார்கள். இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டும் என்று, 1917-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் சீறியது. மணி ஐயர் பணியவில்லை. 1918-ம் ஆண்டில் தமது பட்டங்களைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 75!

பஞ்சாபில் ரத்தம்

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். கூடியிருந்த மக்கள் மீது ஜெனரல் டயர் சுட உத்தரவிட்டார். எச்சரிக்கை கூட இல்லை. இறந்தவர்கள் 379 பேர் என்றது அரசாங்கக் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்றது காங்கிரஸ்.

தாகூர் துடித்தார். மக்கள் அவமானப்பட்டுக் கிடக்கும்போது தமக்குப் பட்டம் எதற்கு என்று கேட்டார். மே மாத இறுதியில், "சர்" பட்டத்திலிருந்து தம்மை விடுவிக்கும்படி வைசிராய் செம்ஸ்போர்டு பிரபுவுக்கு எழுதினார்.

1920 ஆகஸ்டு 1-ந் தேதி காந்திஜி தமது மூன்று பதக்கங்களையும் அதே வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். பஞ்சாபுக்கு நீதி இல்லை, கிலாபத் விஷயத்தில் முஸ்லிம்களுக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று எழுதினார். வருத்தத்தோடுதான் அனுப்பினார். அன்றுதான் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது.

இன்று?

1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், அரசாங்கம் பட்டம் வழங்குவதைத் தடுத்துவிட்டது. 1954-ல் ஏற்பட்ட பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெயரோடு சேர்த்துப் போடக் கூடாது.

ஆனால் காந்திஜியின் பெயருக்கு முன்னால் "மகாத்மா" என்ற சொல் நிலைத்து நிற்கிறது. அதை எந்த மன்னரும் கொடுக்கவில்லை!