பட்டாடை அணிந்த பாலைப் பறவை

நம் முற்றத்து மாமரத்திற் குருவிச்சை படர்ந்துவிட்டால், நாம் கத்தியோடு ஏறி அதனை வெட்டி எறிகிறோம். மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் செடியிடம் யாருக்குத்தான் அன்பு பிறக்கும்? ஆயினும், அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வடபகுதியிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலைவனத்திலே, குருவிச்சை போன்றதோர் ஒட்டுண்ணிச் செடியை நம்பியே ஒரு பறவை மாரிகாலத்தைக் கழிக்கின்றது. அதன் பெயர் பைனோபெப்லா. கிரேக்க மொழியில் 'ஒளிரும் ஆடை' என்பது அப்பெயரின் பொருள்.

ஆண் பறவைக்கு அப்பெயர் மிகவும் பொருந்தும். ஏறத்தாழ 8 அங்குல நீளம்; பட்டுப்போல் மின்னும் கருமை; சிலிர்த்து நிற்கும் கொண்டை; குன்றிமணி போன்ற சிவந்த கண். பறக்கும்போது இறகுகளில் வெண்திட்டு பளிச்சிடும். கொண்டையுள்ள ஸ்டெல்லர் ஜே பறவையோ உடல் நீலம், உருவிற் பெரியது, மலைக்காட்டில் வாழ்வது. கரிய பீபி என்னும் பறவைக்கு வயிறு வெள்ளை; நீர்நிலையை விட்டு அது அதிக தூரம் செல்லாது. ஆகவே ஆணை இனங்காண்பதிற் பெருந்தொல்லை இல்லை.

தொல்லையெல்லாம் பெண்ணிடத்தேதான். அது சாம்பல் நிறம். பாலைக் கார்டினல் எனப்படும் பறவையும் சாம்பல் நிறமே. அதற்கும் கொண்டை உண்டு. கொண்டையை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாந்து போவார். நாம் முதலிற் பார்க்கச் சொல்வது அலகை. கார்டினலின் அலகு தடித்து வளைந்தது, விதையை உடைப்பதற்கானது. கொண்டையிலும் இறகிலும் செம்மையும் தெரியும். பைனோபெப்லா கனியை முழுதாக விழுங்குவதாதலின், அதன் அலகு சிறிதாய் மெலிந்திருக்கும். மொக்கிங்பேர்டுக்குச் சாம்பல் நிறமும் இறகில் வெண்திட்டும் உண்டு, கொண்டை இல்லை. சீடர் வக்ஸ்விங் கொண்டையுடையதாயினும் அதன் வால்நுனி மஞ்சள். இன்னுமோர் எச்சரிக்கை: பைனோபெப்லாக் குஞ்சுகளின் கண் செந்நிறமன்று, கபிலமே.

காதை நம்பலாமோ? வழக்கமான குரல் தாழ்ந்ததொரு சீழ்க்கைதான். ஆனால், பிடிபட்டாலோ துரத்தப்பட்டாலோ இப்பறவை பத்துக்கும் மேற்பட்ட வேற்றினப் பறவைகளின் குரலிற் கத்தும்! நல்ல வேடிக்கைதான், அடையாளம் தேடுபவருக்கோ சங்கடம்.

அதனினும் நல்ல சாட்சி, அது அமரும் கிளையிலேயே கிடக்கின்றது. முள்மரத்தின் உச்சியில் நிமிர்ந்து அமர்ந்து, தன் ஒட்டுண்ணிப் புதரைப் பிற பறவைகள் நெருங்காதபடி இது காவல் காக்கும். நாளொன்றுக்கு 1,100 கனிகள் வரை உண்ணக் கூடியது. விதைகள் செரியாமல் எச்சத்தோடு வெளிவந்து, பசைபோற் கிளைகளில் ஒட்டுகின்றன; அங்கே புதிய செடி முளைக்கின்றது. பறவைக்குச் செடி உணவு. செடிக்குப் பறவை உழவன். மரத்தைக் காப்பதாக எண்ணி அச்செடியை முற்றாக வெட்டுபவர், உச்சியில் அமர்ந்த காவற்காரனையும் துரத்திவிடுகிறார்.

வசந்தத்திற் பாலையிலே கூடு கட்டும் இப்பறவை, வெயில் ஏறியதும் மறைந்துவிடும். கலிபோர்னியாவின் ஓக் மரக்காடுகளிற் கோடையில் கூடு கட்டுவனவும் அதே பறவைகள்தானோ என்பது நெடுநாள் ஐயம். தனிப் பறவைகளின் பயணத்தைக் கருவிகளாற் பின்தொடர்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரே பறவை ஒரே ஆண்டில் ஈரிடங்களிலும் கூடு கட்டக்கூடும் என்பதற்குச் சான்று தந்தது. ஆதலால், ஓக் மரத்தின் உச்சியிற் கரிய கொண்டையொன்று தெரிந்தால், 'இது பாலைப் பறவையாயிற்றே' என்று தள்ளிவிட வேண்டாம். அது பறந்தெழும் வரை பொறுத்திருந்து இறகைப் பாருங்கள்.