கிழிவது எந்த இடம்?

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில், ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் மிளகாயும் விதைத்து, பொழுதெல்லாம் குனிந்து களைபறித்தும் மூட்டை தூக்கியும் ஜீவனம் நடத்தும் மக்கள், குறுக்கு வலியை வயதோடு கூடவே வரும் ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜவ்வு விலகிவிட்டது என்று டாக்டர் சொன்னால், அது எந்த இடத்தில் அறுந்து விலகியது என்று யாரும் விசாரிப்பதில்லை. அதை விசாரித்து, வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாகக் கொண்டிருந்த ஓர் அபிப்பிராயத்தையே மாற்றியது நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை என்பதைக் கரிசல்காட்டு மக்கள் அவசியம் அறிய வேண்டும்.

முதுகெலும்புக் கணுக்களின் இடையே உள்ள ஜவ்வின் நடுவில் குழைவான பகுதியும், அதைச் சுற்றி உறுதியான நார்வளையமும், மேலும் கீழும் எலும்போடு ஒட்டிய மெல்லிய குருத்தெலும்புத் தகடுகளும் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய்கள் செல்வதில்லையாதலால், அதற்கு வேண்டிய போஷணை பெரும்பாலும் அத்தகடுகளின் வழியே கசிந்துதான் போக வேண்டும். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய சகாக்களும், ரத்தக் குழாயில் ஒரு மருந்தைச் செலுத்தி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு எம்.ஆர்.ஐ. படமெடுத்து, அம்மருந்து எவ்வளவு மந்தமாக ஜவ்வின் நடுவை அடைகிறது என்பதையும், தகடு சிதைந்தால் அந்தப் போக்கே மாறிவிடுவதையும் உயிருள்ள மனிதரிடத்திலேயே கண்டு, 2004-இல் வெளியிட்டார்கள்.

தகட்டின் மீது விழுந்த அந்தப் பார்வை மேலும் ஒரு பெரிய கேள்விக்கு இட்டுச் சென்றது. 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்துவதே கால்வரை இறங்கும் வலிக்குக் காரணம் என்று நிலைநாட்டிய நாள்முதல், நார்வளையம் நடுவில் கிழிந்தே ஜவ்வு பிதுங்குகிறது என்ற எண்ணமே பரவியிருந்தது. கோவைக் குழுவினரோ 181 நோயாளிகளின் படங்களையும், அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டுகளையும் சேர்த்துப் பரிசோதித்து, அவர்களில் நூற்றுக்கு 65 பேரிடம் வளையம் தகட்டோடும் எலும்போடும் சேருமிடத்திலேயே பெயர்ந்திருந்ததை 2013-இல் அறிவித்தார்கள். கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; செங்கல் திடமாக இருந்தும், அஸ்திவாரம் அசைந்தால் சுவர் விட்டுப்போகிறதல்லவா? இவ்விரண்டு ஆய்வுகளுக்கும் இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. பிதுங்கிய ஜவ்வு பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சுருங்கி, கத்தி படாமலே வலி தணிந்துவிடுகிறது. ஆனால் குருத்தெலும்பு கலந்து பெயர்ந்த துண்டு அவ்வளவு எளிதில் கரைவதில்லை. ஆகவே யாரைக் காத்திருக்கச் சொல்வது, யாருக்கு அறுவை சிகிச்சை செய்வது என்று நிதானிக்கும்போது, தகட்டின் நிலையையும் பார்ப்பதில் பொருள் உண்டு. எவருக்கேனும் வலியோடு சிறுநீர் அடைபட்டாலோ, அறியாமல் கசிந்தாலோ, ஆசனப் பகுதி மரத்துப்போனாலோ, எண்ணெய் தடவி நீவிப் பொழுதைக் கழிக்காமல், தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே அழைத்துப் போய்விட வேண்டும்.