தொகுப்புக்கு முன் ஒரு வேலை

தேக்காவின் பழைய சந்தை 1982இல் சாலையின் மறுபக்கத்திலுள்ள இன்றைய கட்டடத்திற்கு மாறியது. அதை நேரில் கண்ட பூக்காரர் ஒருவரை, அவர் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டே பேசும்போது, மாணவர்கள் திறன்பேசியில் படம்பிடிப்பதாகக் கொள்வோம். திறன்பேசியில் தடையின்றி ஓடும் அந்தக் காணொளி, கணினியில் தொகுக்கத் தொடங்கியதும் திணறக்கூடும். கணினி பழையது என்று பலர் எண்ணிவிடுவர். பெரும்பாலும் காரணம் வேறு. கோப்பு சுருக்கப்பட்ட முறையே அது.

ஒரு நொடிக் காணொளியில் பொதுவாக 30 படங்கள் உள்ளன. அனைத்தையும் முழுமையாகச் சேமித்தால் திறன்பேசியில் இடம் போதாது. எனவே 2003இல் வெளிவந்த எச்.264, 2013இல் வெளிவந்த எச்.265 ஆகிய முறைகள் சிக்கனம் பிடிக்கின்றன. அவை அவ்வப்போது ஒரு படத்தை மட்டும் முழுமையாகப் பதிவுசெய்து, இடைப்பட்ட படங்களில் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொள்கின்றன. கடைச்சுவரும் பூக்கூடையும் அசைவதில்லை. பூக்காரரின் விரல்களும் முகமுந்தான் அசைகின்றன.

பார்ப்பதற்கு இது போதும். தொகுப்பவரோ முன்னும் பின்னும் தாவுவார், நடுவில் வெட்டுவார். அப்போதெல்லாம் கணினி, முழுமையான படம் இருக்கும் இடத்திற்குச் சென்று, அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வர வேண்டியுள்ளது.

அதனால்தான் தொகுப்பாளர்கள் காணொளியை முதலில் வேறொரு வடிவத்திற்கு மாற்றுகின்றனர். இதற்குக் குறிமாற்றம் என்று பெயர். ஆப்பிள் நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய புரோரெஸ் போன்ற வடிவங்களில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்கும். ஆனால், அவை இடத்தை விழுங்கிவிடும். ஐபோனில் ஏறத்தாழ 60 மெகாபைட் பிடிக்கும் ஒரு நிமிடக் காணொளி, புரோரெஸ் 422இல் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டிவிடும்! இடம் குறைவாக உள்ளவர்கள் தரம் குறைந்த சிறிய நகல்களைக் கொண்டு தொகுத்து, இறுதியில் மூலக்கோப்புகளைப் பயன்படுத்தலாம்.

ஒலியிலும் ஒரு சிக்கல் உண்டு. சில திறன்பேசிகளில் நொடிக்கு எத்தனை படங்கள் என்பது சீராக இராது; ஒளி மங்கினால் குறையும். தனிக் கருவியில் பதிவான பேச்சு, அப்போது உதட்டசைவோடு பொருந்தாமல் மெல்ல விலகிச் செல்லும். குறிமாற்றும்போதே சீரான எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

குறிமாற்றினால் மங்கலான படம் தெளிவாகிவிடும் என்பது தவறான எண்ணம். மூலத்தில் இல்லாததைக் குறிமாற்றத்தால் கொண்டுவர முடியாது. மாற்றிய கோப்பு அழிந்தால் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். மூலக்கோப்பு அழிந்தால் அந்த முதியவரின் பேச்சே போய்விடும். ஆகவே, மூலக்கோப்பை இரண்டு தனித்தனிச் சேமிப்புக் கருவிகளில் நகலெடுத்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே திறன்பேசியிலிருந்து நீக்க வேண்டும்.