அந்நிய ஆட்டம் சொந்த ஆட்டமான கதை

சனிக்கிழமை காலைகளில் எமது இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு நடைபெறுவதுண்டு. உதைபந்தாட்டக் காலணியுடன் வாசலில் நிற்கும் பிள்ளை ஒருபுறம், "விளையாட்டுச் சோறு போடுமா?" என வினவும் பெற்றோர் மறுபுறம். இவ்வழக்கு எமக்கு மட்டும் உரியதன்று. இதே யேர்மனியில், கற்றோர் நடுவிலேயே ஒரு காலத்தில் இது நடைபெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யேர்மனியப் பாடசாலைகளில் உடற்பயிற்சி என்றால் 'ரூர்ணன்' என்னும் சீருடற்பயிற்சியே. 1811இல் பிரீட்றிக் லூட்விக் யான் பேர்லினில் அதற்கென ஒரு திடலைத் திறந்தார். கட்டளைக்கேற்ப அணிவகுத்தலும் கம்பங்களில் தொங்குதலும் அதில் முதன்மை பெற்றன. பந்தாட்டங்கள் முற்றிலும் அறியப்படாதவை அல்ல. சினெப்பென்தால் பாடசாலை ஆசிரியர் குட்ஸ்மூட்ஸ், 1796இல் வெளியிட்ட நூலிலேயே 'பேஸ்போல்' என்னும் ஆங்கில ஆட்டத்தை விளக்கியிருந்தார். ஆயினும் பாடசாலைகளை ஆண்டது ரூர்ணனே.

இந்நிலையில் பிரவுண்சுவைக் நகரின் மார்ட்டினோ-கத்தரினேயும் பாடசாலையில் கொன்ராட் கொஹ் என்னும் ஆசிரியர் பணியாற்றினார். 1846இல் பிறந்த அவர் பழைய மொழிகளைக் கற்பித்தவர். மாணவர்கள் திறந்த வெளியில் ஓடியாட வேண்டும், குளிர்காலத்திலும் அது தடைப்படலாகாது என அவர் விரும்பினார். 1874இல் அவருடைய நண்பரான உடற்பயிற்சி ஆசிரியர் ஓகுஸ்ட் ஹெர்மான் இங்கிலாந்திலிருந்து ஒரு பந்தைத் தருவித்தார். அவ்வாண்டே மாணவர்கள் அதனை உதைத்தனர். அடுத்த ஆண்டு, நடு வகுப்பு மாணவரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கென விதிகளைக் கொஹ் அச்சிட்டார். பந்தைக் கையாலும் தொடலாம் என்பதால், அன்றைய ஆட்டம் றக்பியையே பெரிதும் ஒத்திருந்தது.

1882இல் பிரஷ்யக் கல்வி அமைச்சர் கொஸ்லர், பாடசாலைகளில் வெளி விளையாட்டுகளுக்கு இடமளிக்குமாறு ஆணை பிறப்பித்தார். எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1898இல் ஸ்ருட்கார்ட் ஆசிரியர் கார்ள் பிளாங்க் ஒரு சிறு நூலை வெளியிட்டு, உதைபந்தாட்டத்தை 'ஆங்கில நோய்' எனச் சாடினார். உதைக்கும் தோற்றம் மனிதனைக் குரங்கின் நிலைக்குத் தாழ்த்துகிறது என்பது அவர் வாதம். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1900 ஜனவரி 28இல், 86 கழகங்களின் சார்பில் லைப்சிக்கில் யேர்மனிய உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது.

கொஹ் எதிரிகளுக்கு அளித்த விடை சிந்திக்கத்தக்கது. ஆட்டத்தை அவர் கைவிடவில்லை. அதற்குத் தம் மொழியைக் கொடுத்தார். ஆங்கிலச் சொற்களுக்கு ஈடான யேர்மன் சொற்களின் பட்டியலொன்றை 1903இல் வெளியிட்டார். வாயில் எனப் பொருள்படும் 'தோர்', மூலைப் பந்தாகிய 'எக்பால்', 'அப்சைற்ஸ்' ஆகியன இன்று எமது பிள்ளைகளின் நாவிலும் புரள்கின்றன. 1911இல் கொஹ் மறைந்தபோது, அந்நிய ஆட்டம் யேர்மனியரின் ஆட்டமாகிக்கொண்டிருந்தது.

எமது மண்ணின் வரலாறும் இதற்கு அயலானதன்று. ஆங்கிலேயர் கொண்டுவந்த துடுப்பாட்டத்தை யாழ்ப்பாணம் தனதாக்கிக்கொண்டது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும்போர்' அதற்குச் சான்று. படிப்பைத் தெய்வமாகப் போற்றிய ஊரே அந்நாட்களில் மைதானத்தில் திரண்டது!

1990களில் இந்நாட்டில் தஞ்சம் கோரியோர் தமக்குரிய மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி பெற வேண்டியிருந்தது. அயல் மாவட்டத்தில் ஆட்டம் என்றால் பிள்ளைக்கும் அனுமதிக் கடதாசி தேவைப்பட்டது. அது கிடையாதபோது, அணி புறப்பட்ட பேருந்தைப் பார்த்தபடி நின்ற சிறுவர்களை நாம் அறிவோம். அன்று அவர்களைத் தடுத்தது சட்டம். இன்று தடுப்பது நாமாக இருக்கலாகாது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் ஆட்டமும் ஒரே வேளையில் வந்து மோதுவது உண்மையே. பயிற்றுநருடன் பேசினால் நேரத்தை மாற்றவும், முறைவைத்துச் செல்லவும் வழியுண்டு. மொழியும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மொழியைக் காத்தே ஆட்டத்தை வளர்த்தார் கொஹ். ஆகவே, பிள்ளை நீட்டும் கழகப் படிவத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். முடியுமாயின் அடுத்த ஆட்டத்துக்கு நாமும் சென்று, திடலின் ஓரத்தில் நின்று தமிழிலேயே உற்சாகமூட்டுவோம்.