மலையேறிய தொலைபேசி

பதுளையிலிருந்து பயணம் செய்வோருக்கு ஊவாவின் மலைகள் கண்ணுக்கு விருந்து. அவற்றின் மடியிலே வாழ்வோருக்கோ அவை நெடுங்காலம் மதில்களாகவே இருந்து வந்தன. 1924இல் புகைவண்டி பதுளையை வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு விரைந்தன. தோட்டத் தொழிலாளியின் செய்தி மட்டும் அதன் பின்னரும் ஆமை வேகத்திலேயே ஊர்ந்தது.

தபாற் பையின் காலம்

நான் மாணவனாயிருந்த தொண்ணூறுகளில் எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வரும். அலுவலகத்திலே காத்துக் கிடக்கும். உறவினர் ஒருவருக்கு வந்த நேர்முகப் பரீட்சை அழைப்பு, பரீட்சை முடிந்த நான்காம் நாளிலேதான் அவர் கைக்கு எட்டிற்று. அந்த உத்தியோகம் போயிற்று. அவருடைய வாழ்வின் திசையே மாறிற்று.

தெற்காசியாவிலேயே முதன்முதலாகச் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையிலேதான் தொடங்கிற்று. அன்று அது செல்வர் கைப்பொருள். இன்றோ நாட்டின் இணைப்புகள் மக்கள்தொகையையே விஞ்சிவிட்டன. கொழும்புக் கடையில் நிற்கும் மகனும், வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் மகளும் லயத்துத் தாயோடு நாள்தோறும் பேசுகின்றனர்.

கேரளத்து மீனவர் கைத்தொலைபேசியால் அடைந்த பயனை அறிஞர் றொபேட் ஜென்சன் 2007இல் ஆராய்ந்து வெளியிட்டார். எந்தத் துறையில் நல்ல விலை கிடைக்குமென்று கடலிலிருந்தே கேட்டறிந்ததால், அவர்தம் இலாபம் சராசரி 8 வீதம் உயர்ந்தது. ஆனால் கொழுந்து பறிப்பவள் தன் கொழுந்துக்குச் சந்தை தேட முடியுமா? கூடை நிறைந்தாலும் விலை கூறும் உரிமை அவளுக்கில்லை. ஆதலின் தொலைபேசியால் அவள் எதிர்பார்க்கக்கூடிய பெரும் பயன் ஒன்றே: பிள்ளையின் கல்வி.

அட்டை கடிக்கும் வகுப்பறை

அந்தப் பயனுக்குச் சோதனை 2020 மார்ச்சில் வந்தது. பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைபேசிக்குள் புகுந்தன. அலைகளோ பெரும்பாலும் நேர்வழியே செல்பவை. இடையே மலை நின்றால் பள்ளத்து லயத்தை எட்டமாட்டா. லுணுகலைப் பகுதியிலே, மலையுச்சியில் 30 அடி உயர மரக்குடிலுக்குப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற செய்தி 2021இல் உலகெங்கும் பரவியது. நாட்டின் 43 இலட்சம் மாணவருள் நூற்றுக்கு 40 பேரே இணையவழி கற்க இயன்றதென ஆசிரியர் சங்கம் மதிப்பிட்டது.

என் மாணவி ஒருத்தி மாலைதோறும் கோயில் மேட்டில் ஏறி நிற்பாள். வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி, தந்தை வேலையால் திரும்பிய பின்னரே அவளுக்குக் கிடைக்கும். "சேர், அட்டை கடிக்குது, கொஞ்சம் சுருக்கா சொல்லித் தாங்க" என்பாள். அவள் பின்னர் பல்கலைக்கழகம் புகுந்தாள்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவன் இருந்தான். அவன் பெயருக்கு நேரே 'சமுகமளிக்கவில்லை' என்று நான் குறித்து வந்தேன். காரணம் சோம்பல் அன்று, கருவி இன்மையே என்று விசாரித்தறிய எனக்கு மூன்று மாதங்கள் சென்றன. அதற்குள் அவன் கொழும்பில் ஒரு கடையிற் சேர்ந்துவிட்டான். அன்று பிந்தி வந்த கடிதத்தை நொந்த நான், இன்று பிந்திச் சென்ற ஆசிரியனானேன்!

செய்தி மட்டும் போதுமா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை பல்லாண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எழுந்து போகப் பாதுகாப்பான நிலமும் வீடும் கையிலில்லாதவனுக்கு எச்சரிக்கையால் யாது பயன்?

தொலைபேசி செய்தியைத்தான் கொண்டுவரும். அதைக் கேட்டு நடக்கும் வழியை மனிதரே அமைக்க வேண்டும். மாணவர்களே, உங்கள் வகுப்பில் மௌனமாகிவிட்ட தோழன் ஒருவன் இருந்தால், அவன் வீடு வரை நடந்து சென்று காரணம் கேளுங்கள். ஆசிரியராகிய நாங்களும் உங்களோடு வருகிறோம்.